ஷிஃப்ட் மாறும்போது வேலை விட்டுப்போற பிரச்சனை, நாடக ரிகர்சல்ல கிடைச்ச வழி

எங்க சப்போர்ட் டீம்ல நைட் ஷிஃப்ட் முடிஞ்சு மார்னிங் ஆளு வந்து உக்காரும்போது ஏதாவது ஒரு டிக்கெட் (கஸ்டமர் பதிவு பண்ற புகார்) விட்டுப்போய்க்கிட்டே இருந்துச்சு. எக்ஸெல் ஷீட் போட்டோம், வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம், மெயில் டெம்ப்ளேட்டும் வந்துச்சு, ஒண்ணும் வேலைக்காகல, எல்லாரும் எழுதுறாங்க, படிக்கத்தான் ஆளில்ல.

நான் லீவு நாள்ல ஒரு அமெச்சூர் நாடகக் குழுவுல நடிக்கிறேன் (வேலைக்குப் போறவங்க நாடகம் போடுறது நம்மூர்ல புதுசில்ல, பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், 1891ல சுகுண விலாச சபாங்கற நாடகக் குழுவ ஆரம்பிச்சதே அவர்தான்). அங்க புதுசா வர்றவங்க தன் வசனத்த மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து எங்க ஆரம்பிக்கணும்னு தெரியாம முழிப்பாங்க, அதனால எதிர்ல பேசுறவரோட கடைசி வரிய சொல்லிட்டுத்தான் உன் வசனம்னு டைரக்டர் ரிகர்சல் வைப்பார். அதையே ஆபீஸுக்குக் கொண்டுவந்தோம்: போறவர் முடியாம நிக்கிற வேலைய சொல்லணும், வர்றவர் அத தன் வாயால திருப்பிச் சொல்லணும், அப்புறம்தான் லாகவுட்.

இதுல ஒண்ணு முக்கியம், உக்காந்து செஞ்சா கண்ணு ஸ்கிரீனுக்கு ஓடிடுது. எழுந்து நின்னு முகம் பாத்துப் பேசினாத்தான் "அந்த கிளையண்ட்டுக்கு யாரு போன் பண்றது?"ங்கற கேள்வியே வருது. இப்ப எதுவும் விட்டுப்போறதில்ல, அப்பாடான்னு இருக்கு. கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அதையும் ரோஸ்டர்லயே (ஷிஃப்ட் அட்டவணை) சேத்துப் போட்டுடுங்க.