பழைய மரத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்

பழைய மரம் கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஊஞ்சல்தான். நான் வேண்டாம் என்பேன். வேகமாக ஆடும்போது, பிள்ளையின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் சட்டத்தின் மேல் விழும். உள்ளே செல்லரித்திருக்கிறதா, விரிசல் ஓடியிருக்கிறதா என்று தெரியாத கட்டையில் அதைத் தொங்கவிட எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள் விழாமல் மேலே நடந்து பழகும் நடைக்கட்டை, மணல்தொட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு மேடை என்று தரையை ஒட்டிய சாமான்களில் தொடங்குங்கள். பிள்ளைகள் நாள் முழுக்க ஏறி இறங்குவதும் அதில்தான்.

எந்த மரத்தைத் தொடவே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்டிருந்த கட்டை கனமாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கிரியோசோட் என்ற, மரம் உளுக்காமல் இருக்க ஏற்றும் நச்சு எண்ணெய் ஊறியிருக்கும். வெயிலில் தார் வாடை அடித்தால் அதுதான். பச்சை சாயல் ஓடும் பழைய பலகையும் வேண்டாம், அதில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அந்த மரம் தயாரிப்பதை 2003 கடைசியோடு நிறுத்தினார்கள். அதற்கு முன் செய்தது இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல் என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டால் தூள் பறக்கும், ஆகவே விட்டுவிடுங்கள். சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வரும் பேலட் என்றால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் உள்பாகம் 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றப்பட்டது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் நச்சுப் புகை போட்டது, ஒதுக்கிவிடுங்கள். முத்திரை சரியாக இருந்தாலும் மேலே எண்ணெய்க் கறை இருந்தால் நான் எடுப்பதில்லை. என்ன கொட்டியதோ, யார் கண்டது?

மிச்சமிருப்பதைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், முக்கியமாக முனைகளிலும் ஆணித் துளைகளைச் சுற்றியும். நல்ல மரத்தில் முனை வழுக்கும் அல்லது லேசாகப் பதியும். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அந்த இடம் வரைக்கும் அறுத்துத் தள்ளிவிட வேண்டியதுதான். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பிறகு ஆணி. தலை ஒடிந்து உள்ளேயே நிற்கும் ஆணிதான் தொல்லை. காந்தத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் மேலாக இருப்பது சிக்கும். இதைச் செய்யாமல் இழைப்புளியை வைத்தால் கத்தி போயிற்று.

சரி, நடைக்கட்டை. 2 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், அதே கனம் உள்ள ஒரு சட்டம் போதும். நடுவில் கணு இருந்தால் அந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்புங்கள். மேலே ஏறி நின்றால் கட்டையின் அடிப்பக்கம்தான் இழுபடும். கணு அடியில் இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். கால்களுக்கு, அரை மீட்டர் நீளமுள்ள இரண்டு குறுக்குக் கட்டைகளைப் படுக்கப் போட்டு, நடைக்கட்டை உட்காரும் அளவுக்குப் பள்ளம் வெட்டுங்கள். கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்தால் கட்டை பக்கவாட்டில் ஆடவே ஆடாது. அப்புறம் 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை இரண்டு மரத்தையும் ஊடுருவிப் போட்டு, இரு பக்கமும் அகலமான வாஷர் வைத்து இறுக்குங்கள். ஆணி அடிக்காதீர்கள், ஆட ஆடக் கழன்று வெளியே தலை நீட்டும். போல்ட்டின் தலையும் நட்டும் மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். மேல்விளிம்புகளை இழைத்து உருட்டிவிடுங்கள். முடிவில் ஒரு பழைய பனியன் துணியை மரத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் சிலாம்பு இருக்கிறது.

மேடையும் இதே வேலைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இடைவெளி. பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய 5 மில்லிமீட்டர் போதும், விரல் நுழையாது. கைப்பிடிக் கம்புகளுக்கு நடுவிலும் படிகளுக்கு நடுவிலும் 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான சந்து எங்குமே வரக்கூடாது. அந்த அளவில் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். இதில் மட்டும் கண்ணளவு வேண்டாம், டேப் வைத்தே அளங்கள். விளையாடத் தனியாகக் கயிறும் கட்டித் தொங்கவிடாதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

சுற்றிலும் 6 அடிக்குக் கல், சிமென்ட், புடைத்த வேர் எதுவும் இருக்கக்கூடாது. கால்கட்டைகளை மண்ணில் புதைக்காமல் தட்டையான கல் மேல் வைத்தால் அடி உளுத்துப்போகாது.

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் நான் ஏறிக் குதிப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்காவது கிறீச்சென்றால் அந்த போல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி குதிப்பேன். மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க நட்டுகள் தளரும். அதனால் முதல் சில மாதங்களுக்கு ஸ்பேனரை எட்டும் இடத்திலேயே வைத்திருங்கள்.