ஸ்லீவ் சர்ஜரி முடிந்து வீடு திரும்பியபின்: முதல் எட்டு வாரச் சாப்பாடு, படிப்படியாக

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் சர்ஜரியில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் நிற்பது வாழைப்பழம் போல நீண்ட ஒரு குழாய். அதன் கொள்ளளவு 100 முதல் 150 மி.லி. எடை குறைக்கவே செய்யும் இன்னொரு ஆபரேஷன் இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல). அதைச் செய்தவர்களுக்கு மேலே விடப்படும் பை இன்னும் சிறியது, சுமார் 30 மி.லி. ஸ்லீவில் மிஞ்சும் குழாயின் ஒரு பக்கம் முழுவதும் ஸ்டேப்ளர் பின் போட்ட தையல் ஓடுகிறது. முதல் வாரங்களில் நீராகாரம், பிறகு கூழ், பிறகு குழைவானது என்று பிரித்துத் தருவது எடையைக் குறைப்பதற்காக அல்ல, இந்தத் தையல் ஆறுவதற்காகத்தான். பசி தெரியவில்லை, வலி இல்லை, அதனால் இரண்டு கட்டத்தைத் தாண்டிப் போகலாம் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் உடம்புக்கு முடியாதவர் என்றால் உடனே கஞ்சி, ரச சாதம், இட்லி. வேறு எந்த ஆபரேஷனுக்கும் அது சரி. இதற்குச் சரிப்படாது. ஒரு இட்லியில் இருக்கும் புரதம் சுமார் 2 கிராம். தேவையோ நாளுக்கு 60 முதல் 80 கிராம். இரண்டு இட்லியிலேயே வயிறு அடைத்துக்கொண்டால் மீதிப் புரதம் எங்கே போகும்? உடம்பு தன் தசையைக் கரைத்துத்தான் ஈடு கட்டும். ஆகவே தண்ணீர், புரதம், மாத்திரை என்ற வரிசை எட்டு வாரமும் மாறக் கூடாது.

மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளில் நாள் கணக்கு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 1: முன்கூட்டியே வாங்கி வையுங்கள்

மருந்துக் கடையில் கிடைக்கும் 30 மி.லி. அளவுக் கோப்பை இரண்டு. வீட்டில் குழந்தைக்கு மருந்து புகட்டிய பாலாடை இருந்தால் அதுவும் உதவும். எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். குழந்தைக் கரண்டி, மெல்லிய வடிகட்டி, கிராம் காட்டும் சமையல் தராசு, தெர்மாமீட்டர், விரலில் மாட்டி நாடித்துடிப்புப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஆகியவையும் வேண்டும்.

புரதப் பவுடர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம், 5 கிராமுக்குக் கீழ் சர்க்கரை இருக்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புபவர்கள் வே ஐசொலேட் (பாலின் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய பால் புரதம்) வகையைக் கேட்டு வாங்கலாம். ஹெல்த் டிரிங்க் என்று மளிகைக் கடையில் விற்பவற்றில் பெரும்பாலும் சர்க்கரையும் மாவும்தான். பெரிய டப்பாவாக முன்பே வாங்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் நாக்கின் ருசி மாறிவிடும், நேற்றுப் பிடித்த சாக்லேட் வாசனை இன்று குமட்டும். இரண்டு மூன்று சின்னப் பாக்கெட் போதும்.

படி 2: முதல் சில நாட்கள் நடை, மூச்சு

வயிற்றைவிடத் தோள்பட்டையில் வலி அதிகமாக இருக்கிறதே என்று பலர் பயப்படுவார்கள். லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சின்னத் துளைகள் வழியே ஆபரேஷன் செய்வதற்காக, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்புகிறார்கள். மிச்சமிருப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பு தோளோடு தொடர்புள்ளது என்பதால் வலி தோளில் தெரிகிறது. சில நாளில் போய்விடும். நடந்தால் சீக்கிரம் குறையும்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம் நடக்க வேண்டும். வாயுவுக்காக மட்டும் சொல்லவில்லை. படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. எழும்போது நேராக எழ வேண்டாம். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். நான்கைந்து வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், கைக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது.

மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியைக் கொடுத்திருப்பார்கள். பலரும் அதை வாயில் வைத்து ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கும்போதுதான் பந்து மேலே ஏற வேண்டும். மணிக்குப் பத்து முறை செய்தால் நுரையீரலின் அடிப்பகுதி திறந்திருக்கும், சளி தேங்காது.

படி 3: தண்ணீர்

வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு ஓட வைப்பது பெரும்பாலும் நீர் வற்றல்தான். நாளுக்கு 1.5 லிட்டர் உள்ளே போக வேண்டும். ஆனால் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிக்க இனி இடமில்லை. கணக்கு இப்படி: 15 நிமிடத்துக்கு 30 மி.லி. என்றால் மணிக்கு 120 மி.லி. பன்னிரண்டரை மணி நேரத்தில் 1.5 லிட்டர் ஆகிவிடும். காலை 7 மணிக்குத் தொடங்கினால் இரவு 7.30க்கு முடியும். போனில் கால் மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். அந்த 30 மி.லி.யையும் நான்கைந்து மடக்காகக் குடியுங்கள்.

அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தண்ணீரோடு காற்றும் உள்ளே போய் நெஞ்சை அடைக்கும். கோப்பையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். ஸ்ட்ராவும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். வெறும் தண்ணீர் குமட்டினால் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் பலருக்கு இறங்குகிறது. கறிவேப்பிலை, கடுகு இல்லாமல் வடிகட்டிய நீர்மோரும் நல்லது. இளநீரில் சர்க்கரை உண்டு என்பதால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நாளுக்கு ஒரு கோப்பை போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். காபி, டீ முதல் மாதம் தள்ளி வைக்கலாம்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய நீர் இறங்குகிறது. கடுமஞ்சளாகி, எழுந்தால் கண் இருட்டினால் போதவில்லை. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டாவது வாரம் முடியும்வரை நீராகாரம்

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் மட்டும். பிறகு பால், வடிகட்டிய சூப், பருப்புத் தண்ணீர், புரதப் பவுடர்.

பவுடரைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்து கட்டி கட்டும். ஆறிய பாலில் முதலில் கரைத்துவிட்டு, வேண்டுமானால் லேசாகச் சுட வையுங்கள். 200 மி.லி. கொழுப்பு குறைந்த பாலில் சுமார் 6 கிராம் புரதம், ஒரு ஸ்கூப்பில் 24 கிராம், ஆக 30 கிராம். இந்த ஷேக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக் குடிக்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் 60 கிராம் வந்துவிடும். இவையும் 1.5 லிட்டர் கணக்கில் சேரும்.

பருப்புத் தண்ணீருக்கு 50 கிராம் பாசிப்பருப்பு, 300 மி.லி. தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள். குக்கரில் நான்கு விசில். மிக்ஸியில் அடித்து வடிகட்டி, உப்பும் சீரகப் பொடியும் சேருங்கள். மிளகாய், புளி வேண்டாம். அடிக்காமல் மேலாகத் தெளிந்த நீரை மட்டும் இறுத்தெடுத்தால் அதில் புரதம் அதிகம் இருக்காது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு ருசிக்குக் குடிக்கலாம், புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின், தசைக்குத் தேவையான எல்லாமும் அதில் இல்லை.

இந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் சாம்பார் தாளித்துச் சாப்பிடும் வாசனையில் மனம் உடைந்து, ஏன் இதைச் செய்துகொண்டோம் என்று அழுகை வரும். பலருக்கும் வருவதுதான். வீட்டிலிருப்பவர்கள் அந்த நேரத்தில் "ஒரு வாய்தானே" என்று ஊட்டிவிடாமல் இருப்பதே பெரிய உதவி.

எப்போது உடனே கூப்பிட வேண்டும்

தையல் கசிவது அரிதானாலும் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் தலைகாட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120க்கு மேல் நிற்பது, காய்ச்சல் 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது, வயிற்று வலி குறையாமல் ஏறுவது, மூச்சு வாங்குவது, முதலில் போய்விட்ட இடது தோள் வலி திரும்ப வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. கூப்பிட வேண்டியது ஆபரேஷன் செய்த மருத்துவரையே.

படி 5: மூன்று, நான்காவது வாரம் கூழ்

குழந்தைக்கு முதலில் ஊட்டும் பதம்தான் வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும், திப்பி இருக்கக் கூடாது. ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி நான்கு வரை.

ஒரு நாள் இப்படி அமையலாம். காலையில் குழைய வேகவைத்து மோர் விட்டு மசித்த ஒரு முட்டை, புரதம் 6 கிராம். பத்து மணிக்கு அரை ஷேக், 15. மதியம் முள் நீக்கி ஆவியில் வேகவைத்த மீன் 60 கிராம், வெந்த நீரிலேயே அடித்தது, 12 அல்லது 13. மாலையில் இன்னொரு அரை ஷேக், 15. இரவில் கெட்டியாகக் கடைந்த பாசிப்பருப்பில் 30 கிராம் பன்னீர் உதிர்த்து அடித்தது, 9. இடையில் கொஞ்சம் தயிர், 2. கூட்டினால் 60 பக்கம் வரும். சைவம் என்றால் முட்டை, மீன் இடத்தில் பன்னீரும் தயிரும் வரும், ஷேக் ஒன்றரை மடங்காகும். முருங்கைக்காய்ச் சதை, கீரைத் தண்டு, தேங்காய்த் துருவல் இப்போது வேண்டாம். நார் சேர்ந்து அடைக்கும்.

மூன்றாவது வாரம் பலருக்கு எடை இறங்குவது நின்றுவிடும். முதலில் இறங்கியதில் பெரும்பகுதி நீர், இப்போது உடம்பு அதைச் சரிசெய்கிறது. சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். எடை மேடையில் வாரம் ஒருமுறை ஏறினால் போதும்.

படி 6: ஐந்து, ஆறாவது வாரம் மென்று சாப்பிடுதல்

மசித்தால் விரலில் நசுங்கும் எதையும் தொடங்கலாம். பொடிமாஸ் பதத்தில் முட்டை, மென்மையான மீன், கொத்திக் குழைய வேகவைத்த கோழி, பன்னீர், தோல் நீக்கி மசித்த சுண்டல். ஒரு நாளைக்கு ஒரு புதிய பொருள் மட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று அப்போதுதான் தெரியும்.

தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள். ஒவ்வொரு வாயையும் 25 முறை மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விழுங்குங்கள். சாப்பாடு முடிந்து 30 நிமிடத்துக்குத் தண்ணீர் தொடக் கூடாது. தண்ணீர் சேர்ந்தால் சின்னக் குழாய் நிரம்பிக் குமட்டும், பைபாஸ் ஆனவர்களுக்கோ உணவு சீக்கிரம் குடலுக்குள் தள்ளப்படும்.

வயிறு நிறைந்துவிட்டது என்பது இனி பழைய மாதிரி தெரியாது. நெஞ்செலும்புக்குக் கீழ் ஓர் அழுத்தம், திடீரென ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடிதல். அத்தோடு நிறுத்துங்கள். கையில் எடுத்த வாயைக்கூடத் திரும்ப வைத்துவிடுங்கள். மீறினால் உணவு சிக்கி, வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறும். அப்போது தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்கக் கூடாது. எழுந்து மெதுவாக நடங்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் இறங்கும் அல்லது வெளியே வந்துவிடும். அன்று மீதி நேரம் நீராகாரம்தான்.

பாயசம், ஜூஸ், அல்வா போன்ற இனிப்பைச் சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அது டம்பிங். பைபாஸ் செய்தவர்களுக்கே அதிகம். படுத்து ஓய்வெடுத்தால் அடங்கும்.

வாந்தியும் குளுக்கோஸ் பாட்டிலும்

இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் கணக்கில் வாந்தி நின்றபாடில்லை என்றால் வைட்டமின் பி1, அதாவது தயமின், சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். கண் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். அந்த நிலையில் பக்கத்து கிளினிக்கில் களைப்பு தீர வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கும் கொஞ்சம் தயமினும் செலவாகி, மூளை பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. எந்த மருத்துவரிடம் போனாலும் "ஸ்லீவ் செய்திருக்கிறது, தயமின் போட்டீர்களா?" என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாளின் நகலைப் பர்சிலேயே வைத்திருங்கள். 24 மணி நேரம் எதுவுமே தங்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய்விடுவது நல்லது.

படி 7: மாத்திரைகள்

மல்டி வைட்டமினும் பி12-உம் வாழ்நாள் முழுவதும் தேவை. கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு தடவைக்கு 500 முதல் 600க்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளாது என்பதால் பிரித்துப் போட வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது கார்பனேட். அமிலம் குறைந்த இந்த இரைப்பைக்கு சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்போடு டீயும் கூடாது.

முட்டி வலி, தலைவலி என்று டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போடாதீர்கள், புண் வரும். பாராசிட்டமால் போடலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்தவர்கள் பழைய அளவைத் தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். தினமும் குளுக்கோமீட்டரில் பார்த்து, அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரைகளைப் பொடித்துப் போடக் கூடாது, மாற்று உண்டா என்று கேளுங்கள்.

படி 8: ஏழாவது வாரத்திலிருந்து

இப்போதுதான் வீட்டுச் சாப்பாடு. சாதத்தைக் கடைசியாக, குழைத்து, இரண்டு கரண்டிக்கு மேல் போகாமல். முறுகல் தோசையைவிட மிருதுவான சப்பாத்தி எளிது என்று நினைப்பார்கள். உண்மையில் சப்பாத்தி, பரோட்டா, பன் எல்லாம் எச்சிலில் மாவுருண்டையாகிச் சிக்கும். நார் நாராக வரும் ஆட்டுக்கறிக்கும் இன்னும் ஒரு மாதம் போகட்டும்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் பலருக்கு முடி கொட்டும். ஆபரேஷனும் வேகமான எடை இழப்பும் தரும் அதிர்ச்சி அது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். பெண்களுக்கு எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதால், பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் வேறு வழியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் ஃபெரிட்டின் (இரும்பின் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்), கால்சியம் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.