ஹூக்கா கண்ணாடிக் குடுவையைக் கழுவும் முறை

ஹூக்காவில் (தண்ணீர் வழியாகப் புகையை இழுக்கும் கருவி) புகைத்து முடித்ததும் குடுவைத் தண்ணீரை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் கழுத்தின் உள்வளைவில் பழுப்புக் கறை பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கறைக்கு நான் நம்புவது கல்லுப்பும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும்தான் (எளிதில் தீப்பிடிக்கும், துடைத்துச் சுத்தம் செய்யும் திரவம்). ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு, அது நனையும் அளவு ஆல்கஹால் ஊற்றி, வாயை அடைத்துக் குலுக்குங்கள். ஆல்கஹாலில் உப்பு அவ்வளவாகக் கரையாது. பிரஷ் எட்டாத இடத்தையும் அதுவே தேய்த்துவிடும். பக்கத்தில் அடுப்போ கரியோ எரியவே கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். வாடை அறவே போகும்வரை அலசுங்கள்.

உப்புத்தண்ணீர் படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும். கொதிநீர் மட்டும் வேண்டாம், சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். புகை இழுக்கும் குழாய் சிலிகோன் என்றால் கழுவலாம். தோல் குழாயில் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடிக்கும்.