சாண்டோரினியின் எரிமலைத் தீவுகளுக்குப் படகில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகு கரைக்குப் போகாது. ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளியே நின்றுவிடும். "அதோ, தண்ணீர் பழுப்பாகத் தெரிகிறதே, அதுதான் வெந்நீர் ஊற்று. அரை மணி நேரம் இருக்கிறது, குதிக்கிறவர்கள் குதிக்கலாம்" என்பார் வழிகாட்டி. பாதிப் பேருக்கு அப்போதுதான் விஷயம் உறைக்கும். படியில் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு இதமாக உட்காரலாம் என்று நினைத்து வந்திருப்பார்கள். கீழே இருப்பதோ கால் எட்டாத கடல். நாங்கள் போன படகில் நூறு பேருக்கு மேல் இருந்தோம், இறங்கியவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும் அந்த மற்றவர்களில் ஒருவன்.

படகுச் சவாரி என்ற பெயரில்தான் ஏமாந்துவிடுகிறோம். உண்மையில் இது ஒரு சின்ன மலையேற்றம், ஒரு கடல் நீச்சல், ஒரு கிராமத்துச் சாப்பாடு. மூன்றுக்கும் நடுவே ஏற்றி இறக்கிவிடும் டவுன் பஸ் மாதிரிதான் படகு. இது தெரியாமல் கிளம்புவதில்தான் முக்கால்வாசித் தவறுகளும் தொடங்குகின்றன.

இடத்தைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் இருக்கும் சாண்டோரினி உடைந்துபோன ஒரு வளையம். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் நடுப்பகுதி உள்வாங்கி, கடல் புகுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைத்தான் கால்டெரா என்கிறார்கள். நீளம் 12 கிலோமீட்டர் அளவில் இருக்கும், ஆழம் சில இடங்களில் 390 மீட்டர் வரை போகிறது. வளையத்தின் மிச்சமாக திரா, திராசியா, அஸ்பிரோனிசி என்று மூன்று துண்டுகள் நிற்கின்றன. வெள்ளை வீடும் நீலக் குவிமாடமுமாகப் படங்களில் பார்ப்பதெல்லாம் திராவின் விளிம்பு. நடுவே கறுப்பாகக் கிடக்கும் இரண்டு தீவுகள் பின்னால் கடலிலிருந்து முளைத்தவை. பலேயா கமெனி கி.பி. 46-47-ல் எழுந்தது. நெயா கமெனி 1707-ல் தலைகாட்டி, அதன்பின் வந்த வெடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. கமெனி என்றால் எரிந்தது என்று பொருள். ஒன்று பழையது, ஒன்று புதியது. கடைசி வெடிப்பு 1950-ல். அங்கே நீங்கள் மிதிக்கும் பாறைகளில் சில உங்கள் தாத்தாவைவிட வயதில் சின்னவை.

எந்தப் படகு, எந்தத் துறை

முதல் தவறு பணம் கட்டும்போதே நடந்துவிடுகிறது. இங்கே ஓடும் படகுகள் பொதுவாக இரண்டு வகை. பாய்மரக் கப்பல் தோற்றத்தில் இருக்கும் பெரிய மரப்படகுகள் ஒரு வகை. நூறு பேருக்கு மேலும் ஏறுவார்கள், கட்டணம் குறைவு, நெயா கமெனியில் இறக்கி மேலே நடத்திக் கூட்டிப்போவார்கள். இன்னொன்று கட்டமரான். நம் கட்டுமரம் என்ற சொல்தான் உலகம் சுற்றி இப்படி ஆகியிருக்கிறது. ஆனால் நம் மீனவர்கள் கட்டும் நாலு கட்டைக்கும் இந்த வெள்ளை மாளிகைக்கும் பெயரைத் தவிர எந்த ஒற்றுமையும் இல்லை. இதில் கூட்டம் குறைவு, படகிலேயே சமைத்துப் போடுவார்கள், விலை பல மடங்கு. ஆனால் கட்டமரான்கள் பெரும்பாலும் நெயா கமெனியில் ஆட்களை இறக்குவதில்லை. எரிமலையைச் சுற்றிக் காட்டி, ஊற்றுக்குப் பக்கத்தில் நீந்தவிட்டுத் திரும்பிவிடும். விளம்பரத்தில் 'எரிமலை' என்ற சொல்லைப் பார்த்ததும் எரிமலை மேல் ஏறப்போகிறோம் என்று நினைத்து அதிகப் பணம் கட்டியவர்கள் உண்டு. நெயா கமெனியில் இறக்குவீர்களா, எவ்வளவு நேரம் விடுவீர்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். தீவில் இறங்கத் தனி நுழைவுக் கட்டணம் சில யூரோ உண்டு. பயணக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், சில்லறையாகக் கையில் வைத்திருங்கள்.

அப்புறம் துறைமுகக் குழப்பம். தீவில் படகேறும் இடம் ஒன்றல்ல. ஃபிரா நகரத்துக்கு நேர் கீழே, செங்குத்துப் பாறையின் அடியில் இருப்பது பழைய துறைமுகம். பெரிய ஃபெர்ரிகள் வரும் அத்தினியோஸ் வேறு, அதற்கு பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும். கட்டமரான்கள் பல கிளம்பும் விலிகாதா தெற்குக் கோடியில். ஓயா ஊருக்குக் கீழே அம்மூதி. (ஓயா என்று நாம் படிக்கும் ஊரை அங்கே 'ஈயா' என்பார்கள். பஸ் நடத்துனரிடம் கேட்கும்போது உதவும்.) துறைமுகம் என்று மட்டும் போட்டிருந்தால் எந்தத் துறைமுகம் என்று முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓடிப்போக வழியே கிடையாது.

கறுப்புத் தீவில் ஒரு மணி நேரம்

நெயா கமெனியில் மரம் இல்லை, கடை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆள் குடியிருப்பும் இல்லை. இறங்குதுறையிலிருந்து உச்சிக்கு 130 மீட்டருக்குள்தான் உயரம், இருபது முப்பது நிமிட நடை. கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பாதை முழுக்க உதிரிக் கற்கள். உலையில் வெந்து உடைந்த செங்கல் துண்டுகள்போல, ஓரங்கள் கூராக இருக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் சறுக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், கடலுக்குத்தானே போகிறோம் என்று ஹவாய் செருப்பில் வந்திருந்தார். முதல் திருப்பத்திலேயே வார் பிய்ந்தது. கைக்குட்டையால் பாதத்தோடு கட்டிக்கொண்டு மீதித் தூரம் வந்தார். வழிகாட்டி அதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தினமும் யாராவது ஒருவர் இப்படி வருவார்கள் போலிருக்கிறது.

மூடிய ஷூ, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கட்டாயம். ஜூலை, ஆகஸ்ட் மதிய வெயிலில் கறுப்புப் பாறை கீழிருந்தும் சுடும். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது எம்மாத்திரம் என்று நினைக்காதீர்கள். சென்னையில் ஓரமாக ஒதுங்க ஒரு டீக்கடைப் பந்தலாவது இருக்கும். முடிந்தால் காலையில் கிளம்பும் படகாகப் பாருங்கள். கழிப்பறைக்குப் படகிலேயே போய்விட்டு இறங்குங்கள்.

மேலே போனால் நெருப்புக் குழம்பு தெரியும் என்று எதிர்பார்த்து வந்து முகம் சுருங்குகிறவர்களும் உண்டு. அப்படி எதுவும் இல்லை. பள்ளங்களும், ஓரத்தில் மஞ்சள் படிந்த கற்களும், அங்கங்கே மெல்லிய நீராவியும்தான். அந்த நீராவிக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், தரை சுடுவது தெரியும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் கந்தக வாடை வரும் இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நினைவுக்கு என்று கல்லைப் பொறுக்கிப் பையில் போடவும் கூடாது.

பழுப்புத் தண்ணீர்

இனி அந்த ஊற்று. பெயர்தான் வெந்நீர் ஊற்று. உண்மையில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம், அவ்வளவுதான். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மே மாத மாலையில் இருக்கும் தண்ணீர் இதைவிடச் சூடு. அந்த வெதுவெதுப்பைத் தொடும்வரை நீந்த வேண்டியது ஜில்லென்ற கடலில். ஏப்ரல், மே மாதங்களில் குதித்த கணம் மூச்சு அடைக்கும், அதனால் தலைகீழாகப் பாய வேண்டாம், ஏணியில் இறங்குங்கள். நீச்சல் சுமாராகத்தான் வரும் என்றால் மிதவைச் சட்டை கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்க வெட்கப்பட்டுத்தான் பலர் கேட்பதில்லை. போகும்போது இருக்கும் தெம்பு திரும்பும்போது இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். நீச்சலே தெரியாது என்றால் படகிலேயே இருந்துவிடுங்கள். கரையில் சின்னதாக ஒரு வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தண்ணீருக்குப் பழுப்பு நிறம் கொடுப்பது இரும்பு. துணியில் படிந்தால் துருக்கறை, எந்தப் பவுடர் போட்டாலும் முழுதாகப் போகாது. வெள்ளை, இளம் மஞ்சள், புதிதாக வாங்கிய நீச்சல் உடை எதுவும் வேண்டாம். பழைய கறுப்பு உடை இருந்தால் அதுதான் சரி. வெள்ளி நகைக்குக் கந்தகம் ஆகாது. கொலுசு, மோதிரம், அரைஞாண் எல்லாம் கறுத்துப்போகும், ஓட்டலிலேயே கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி கறுக்காது, ஆனால் அலையில் கொக்கி விட்டால் தேடி எடுக்கிற ஆழம் இல்லை அது. கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள்ளே ஊக்குப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். என் மனைவி அப்படித்தான் செய்தாள். அவள் நீந்தினாள். நான் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துண்டு. அந்தக் கறை இன்றும் இருக்கிறது.

காற்றும் நாளும்

ஊருக்குத் திரும்பும் முந்தின நாளில் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. கோடையில், முக்கியமாக ஜூலையிலும் ஆகஸ்டிலும், வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மேகமே இருக்காது, ஆனால் கடல் கொந்தளிக்கும். பலம் கூடினால் சிறு படகுகளைக் கிளம்ப விடமாட்டார்கள். வெயில் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் ரத்து செய்தீர்கள் என்று அலுவலகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. தீவுக்குப் போன முதல் அல்லது இரண்டாம் நாளிலேயே பதிவு செய்தால், ரத்தானாலும் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ரத்தானால் பணம் திரும்ப வருமா, நாளை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாந்தி வரும் உடம்பாக இருந்தால் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

காற்றைவிடப் பெரிய விஷயம் மலை. இது அணைந்துபோன எரிமலை இல்லை, தூங்குகிற எரிமலை. 2025 பிப்ரவரியில் தீவுக்கு வடகிழக்கே கடலடியில் தொடர்ந்து நிலநடுக்கங்கள் வந்தன, பெரியது 5.3 அளவு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். பாறை சரியலாம் என்பதால் ஃபிராவின் பழைய துறைமுகம், அம்மூதி போன்ற இடங்களுக்குப் போக வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. இப்படி ஓர் அறிவிப்பு இருக்கும் நாளில், யாராவது படகுக்காரர் 'நாங்கள் கூட்டிப்போகிறோம்' என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். நியூசிலாந்தின் வகாரி தீவுக்கும் இதே மாதிரி ஒருநாள் படகுப் பயணம் ஓடிக்கொண்டிருந்தது. 2019 டிசம்பர் 9 அன்று மலை திடீரென்று வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்துபோனார்கள். நெயா கமெனி அந்த அளவுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும் மலை அல்ல. ஆனாலும் பாதையை விட்டு இறங்காதே, குழி ஓரத்துக்குப் போகாதே என்று வழிகாட்டி சொல்வதை அரைக்காதில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

திரும்பி வரும் வழி

பழைய துறைமுகத்தில் இறங்கினால் மேலே ஃபிராவுக்குப் போக மூன்று வழி: 588 படிகள், கழுதை, கேபிள் கார். சொகுசுக் கப்பல்கள் நிற்கும் நாளில் அந்தப் பயணிகளும் இதே கேபிள் காருக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். மாலையில் ஒரு மணி நேரம் காத்திருப்பதெல்லாம் நடக்கும். எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது, பார்த்துவிட்டு நாளை முடிவு செய்யுங்கள். படகு வந்து சேரும் நேரத்தை நம்பி அன்று இரவே விமானம் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள். கழுதையைப் பற்றி ஒன்றே ஒன்று: 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2018-ல் கிரேக்க அரசு விதி போட்டது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது என்பதிலேயே எல்லாம் தெரிகிறது. நான் ஏறவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது. கட்டமரானில் பெரும்பாலும் சுட்ட இறைச்சியும் மீனும்தான். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் சாலட்டும் ரொட்டியும் மட்டும்தான் கிடைக்கும். மரப்படகுகள் பல, மதியச் சாப்பாட்டுக்குத் திராசியாவில் இறக்கிவிடும். அந்தச் செலவு பெரும்பாலும் நம்முடையது. கோர்ஃபோஸ் என்ற சின்னத் துறை, கரையோரம் சில தாவெர்னாக்கள், அதாவது குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடைகள். மேலே மனோலாஸ் கிராமத்துக்குப் படியேறிப் போனால் எதிரே திரா முழுவதும் ஒரே வீச்சில் தெரியும், ஆனால் சாப்பாடு, படி இரண்டுக்கும் நேரம் போதாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஃபாவா என்று ஒன்று கேளுங்கள். நம் கேசரிப் பருப்பின் உறவுக்காரச் செடியில் விளையும் பருப்பை மசித்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் போட்டுத் தருவார்கள், கடைந்த பருப்பேதான். கூடவே தொமாத்தோகெஃப்தேதெஸ், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தக்காளி வடை. ஒரு தட்டு முடிந்து, இன்னொன்று சொல்லி, அது வந்து சேர்வதற்குள் படகு முதல் ஹாரன் அடித்துவிட்டது. கடைக்காரம்மா எண்ணெய் காகிதத்தில் வடைகளைச் சுற்றி என் கையில் திணித்துவிட்டு, துறையைக் காட்டி ஓடு ஓடு என்று கையசைத்தார்.