மதுரைக்குப் புவிவெப்ப வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் வீட்டைச் சூடாக்க யாரும் நிலத்தைத் துளைக்கப்போவதில்லை. ஏ.சி. வெளியே தள்ளும் சூட்டைப் போர் வழியாக நிலத்துக்குள் விட்டால், எந்த இடத்துப் பாறை அதை வாங்கிக்கொள்ளும் என்று காட்டுவதே இங்கே இந்த வரைபடத்தின் வேலை. அளவுகோல், நிறக்குறி போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடலாம்.

ஜெர்மன் அட்டவணையை அப்படியே ஒட்டுவது

ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டியான வி.டி.ஐ. 4640-இன் 2001 பதிப்பு அட்டவணையில் சாதாரணப் பாறைக்கு, ஆண்டுக்கு 2,400 மணி நேர ஓட்டத்தில், போரின் ஒவ்வொரு மீட்டருக்கும் 50 வாட் என்றிருந்தது. அதை மேலூர்ப் பக்கத்து நைஸ் என்ற வரியோடிய கடும்பாறைக்குப் போட்டு, வட்டாரம் முழுக்க ‘ஏற்ற இடம்’ என்று பச்சை தீட்டிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வரைபடமும் அதே பச்சைதான். அந்த எண் குளிர்காலத்தில் நிலத்திலிருந்து சூட்டை எடுப்பதற்கானது. அங்கே நிலம் சுமார் 10 டிகிரி. எடுத்த சூட்டைக் கோடை ஓரளவு ஈடுகட்டும். இங்கே நிலமே 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. மார்கழியிலும் ஏ.சி. ஓடும் கட்டடத்தில் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் ஆழ போர்கள், 6 மீட்டர் இடைவெளி. ஒரு போருக்குச் சேரும் பாறை 3,600 கன மீட்டர். அதை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2,200 யூனிட் போதும். மீட்டருக்கு 50 வாட் வீதம் 2,400 மணி நேரம் தள்ளினால் 12,000 யூனிட். நாலாபுறமும் போர்கள் சூழ்ந்த நடுப் போரில் சூட்டுக்குப் போக்கிடம் குறைவு. ஆண்டுக்கு 5 டிகிரி வரை ஏறும். இடைவெளியை 10 மீட்டராக்கினாலும் 2 டிகிரி. மூன்றாம் சித்திரையில், சூட்டைத் தள்ள நிலத்தைவிட வெளிக்காற்றே மேல் என்றாகிவிடும்.

இதில் கம்ப்ரஸர் சூட்டையும் மறந்துவிடுகிறார்கள். 10 டன் ஏ.சி. என்றால் 35 கிலோவாட் அல்ல, நிலத்துக்குப் போவது 44 கிலோவாட் அளவில்.

ஆகவே வரைபடத்தில் பாறையைக் காட்டும் அடுக்கோடு, வெந்நீர்த் தேவையைக் காட்டும் அடுக்கையும் சேருங்கள். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகள், மருத்துவமனைகள், பெரிய சமையற்கூடங்கள் எல்லாம் ஆண்டு முழுக்கச் சூட்டைத் திருப்பி எடுப்பவை. அவற்றுக்குப் பக்கத்தில் விழும் சுமாரான பாறை, தனியே கிடக்கும் நல்ல பாறையைவிட மேல்.

தை மாத நீர்மட்டத்தை நம்புவது

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அளந்தால் எல்லாக் கிணறும் நிறைந்திருக்கும், கண்மாய் ஓரத்தில் இன்னும் கூடுதலாக. வைகைக் கரை மணல் நனைந்திருந்தால் வெப்பக் கடத்தல் (மீட்டருக்கு, டிகிரிக்கு) 2.4 வாட், காய்ந்தால் 0.4. சித்திரை, வைகாசியில் இன்னொரு முறை அளந்து, அந்தக் கீழ்மட்டத்தை வைத்தே வரையுங்கள்.

மோட்டார் ஓடிய போரில் வெப்பநிலை பார்ப்பது

கூடாது. சில நாள் ஓடாத போரில், 15 மீட்டருக்குக் கீழே, 5 மீட்டருக்கு ஒரு அளவு.

ஜெனரேட்டர் இல்லாமல் வெப்ப எதிர்வினைச் சோதனை

போருக்குள் சூட்டைத் தள்ளி, பாறை அதை எப்படி வாங்குகிறது என்று பார்க்கும் சோதனை இது. 48 மணி நேரமாவது ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

போர் ரசீதைத் தூக்கிப் போடுவது

கேசிங், அதாவது மேல்பகுதி சரியாமல் இருக்கப் போரில் இறக்கும் குழாய், எத்தனை அடி இறங்கியது என்று அதில் இருக்கும். சிதைந்த பாறையின் தடிமனுக்கு அதைவிட மலிவான தரவு இல்லை. கேசிங் 60 அடியைத் தாண்டிய இடங்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். அங்கே துளைக்கும் செலவுக் கணக்கே வேறு.