ப-வும் க-வும் ஒரே இடமா? ஏலியாசிங் விதியை இசட்3 கொண்டு சரிபார்ப்போம்

ப, க இரண்டும் 4 பைட் முழு எண்ணைச் சுட்டும் பாயின்டர்கள், அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறிகள். *ப என்றால் ப சுட்டும் இடத்தில் உள்ள மதிப்பு. இரண்டு பாயின்டர்கள் ஒரே மெமரியைச் சுட்டுவதுதான் ஏலியாசிங். இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்:

*ப = 1
*க = 2
விடை: *ப

கடைசி வரியில் மெமரியை மறுபடி படிக்காமல் நேரடியாக 1 என்று போட்டுவிட்டால் நிரல் வேகமாகும். கம்பைலர் அப்படிச் செய்யலாமா? எத்தனை டெஸ்ட் ஓட்டினாலும் இதற்கு முழுப் பதில் கிடைக்காது, ஏனென்றால் எல்லா முகவரிகளுக்கும் சேர்த்து விடை வேண்டும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுகிறோம்: பழைய விடையும் புதிய விடையும் வேறுபடும் ஒரு சூழலாவது உண்டா? இதைத் தேடித் தருவதுதான் இசட்3 என்ற தீர்ப்பான். பைத்தானில் பிப் வழியாக இசட்3-சால்வர் தொகுப்பை நிறுவினால் போதும்.

படி 1: மெமரியை வரையறுங்கள்
முகவரியைக் கொடுத்தால் ஒரு பைட்டைத் தரும் அரே, அதுதான் நமக்கு மெமரி. எளிமைக்காக முகவரிக்கு 8 பிட் போதும், அதாவது 0 முதல் 255 வரை. அரேயில் எழுத ஸ்டோர், படிக்க செலக்ட் என்ற செயற்கூறுகள் இசட்3-இல் உண்டு. 4 பைட் எண்ணை எழுத ஸ்டோரை நான்கு முறையும், படிக்க செலக்டை நான்கு முறையும் அழையுங்கள். சிறிய பைட் முதலில் வரட்டும்.

படி 2: நிபந்தனையே இல்லாமல் கேளுங்கள்
"படித்த மதிப்பு 1 அல்ல" என்பதைச் சேர்த்து ஓட்டுங்கள். "சாட்" என்று வரும், அதாவது எதிருதாரணம் இருக்கிறது. ப = க என்றால் விடை 2 ஆகிவிடுகிறது. இது எதிர்பார்த்ததுதான்.

படி 3: ப ≠ க என்று சேர்த்துப் பாருங்கள்
பலரும் இத்துடன் முடிந்தது என்று நினைப்பார்கள். மறுபடியும் "சாட்"தான்! ப = 100, க = 102 என்று வைத்துப் பாருங்கள்: முகவரிகள் வேறு, ஆனால் இரண்டு பைட்டுகள் பொது. ப-விலிருந்து படித்தால் 131073 வருகிறது. முகவரிகள் வேறாக இருந்தால் மட்டும் போதாது; இரண்டு பகுதிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும்.

படி 4: பகுதிகளைப் பிரியுங்கள்
"ப + 4 ≤ க அல்லது க + 4 ≤ ப" என்று எழுதுங்கள். ஓர் எச்சரிக்கை: பைத்தானில் பிட்-வெக்டர்களை (நம் முகவரிகளைப் போன்ற, குறிப்பிட்ட பிட் அளவுள்ள எண்களை) வழக்கமான <= குறியால் ஒப்பிட்டால், இசட்3 அவற்றை எதிர்மறையும் உள்ள எண்களாக எடுத்துக்கொள்ளும். முகவரிக்கு, எதிர்மறை இல்லாத எண்களாக ஒப்பிடும் யூஎல்ஈ என்ற செயற்கூறைப் பயன்படுத்துங்கள்.

இதற்கும் "சாட்" வரும். ப = 254, க = 255 என்றால் ப + 4 சுற்றிவந்து 2 ஆகிறது; 2 ≤ 255 என்பது உண்மை; நிபந்தனை நிறைவேறிவிட்டது, பைட்டுகள் மோதிக்கொண்டன. சரி, இரண்டும் 252-ஐத் தாண்டக் கூடாது என்று சேர்த்தால்? அப்போதும் ப = க = 252 தப்பித்துக்கொள்கிறது, ஏனென்றால் 252 + 4 என்பது 0. வரம்பு 251 ஆக இருக்க வேண்டும். சி மொழியில் ஒரு பொருளின் முடிவுக்கு அடுத்த முகவரியும் செல்லுபடியாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதி இருப்பதால் பொருள் மெமரியின் கடைசி பைட்டைத் தொட முடியாது. அந்த விதியின் அருமை எனக்கு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

251 என்று மாற்றி ஓட்டுங்கள்: "அன்சாட்". எதிருதாரணமே இல்லை, இந்த மாதிரியில் நிரூபணம் முடிந்தது.

படி 5: நிபந்தனைக்கு யார் பொறுப்பு?
நாம் நிரூபித்தது "பகுதிகள் பிரிந்திருந்தால் மாற்றம் சரி" என்பதை மட்டுமே. பிரிந்திருக்கின்றன என்ற உறுதியை மொழியின் விதிதான் தர வேண்டும். சி மொழியில் 1999-இல் வந்த ரெஸ்ட்ரிக்ட் என்ற குறிச்சொல் அப்படிப்பட்ட ஒன்று. அதில் உறுதி தருபவர் நிரலாளர். ரஸ்ட் மொழியில் மாற்றத்தக்க ரெஃபரன்ஸ் (மதிப்பை மாற்ற அனுமதிக்கும் சுட்டி) அந்த உறுதியைத் தருகிறது. ஆனால் கம்பைலரின் சில பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டிச் செல்லும் அன்சேஃப் குறிமுறை வந்தால் எது மீறல் என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். ரால்ஃப் யுங் உள்ளிட்டோர் 2020-இல் வெளியிட்ட ஸ்டாக்டு பாரோஸ் அதற்கான ஒரு மாதிரி. அதை வைத்துச் செய்யும் ஆப்டிமைசேஷன்களுக்கு காக் என்ற நிரூபண உதவியில் சான்றும் எழுதினார்கள்.

எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பின் உண்மையான மாற்றங்களைச் சோதிக்க அலைவ்2 என்ற கருவி இருக்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள செயற்கூறுகளைக் கொடுத்தால், அதுவும் இசட்3-இடம்தான் கேட்கிறது. லூப்களை மட்டும் ஒரு வரம்பு வரைதான் விரித்துப் பார்க்கும்.

அதற்குப் போகுமுன் ஒரு பயிற்சி: க ஒரே ஒரு பைட்டை மட்டும் எழுதினால் படி 4-இன் நிபந்தனையையும் 251 என்ற வரம்பையும் எப்படி மாற்றுவீர்கள்? எழுதி ஓட்டி, "அன்சாட்" வரும்வரை விடாதீர்கள்.