கொறங்காடு தரிசு அல்ல: கொங்கு நாட்டில் காற்று, சூரிய மின்சாரத்துக்கு நிலம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் எழுந்தன. அவை வந்த பிறகே மழை குறைந்தது என்ற பேச்சு ஊர்ச்சாவடிகளில் இன்றும் உண்டு. நவீனக் காற்றாலையின் இறகு நுனிகூட ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தையே எட்டும். மழை மேகங்கள் பெரும்பாலும் அதற்கு வெகு மேலே நகர்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தப் பூமி, காற்றாலைகள் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஆழக் கிணறு வெட்டிக் கமலை இறைத்துப் பிழைத்த பூமி. இந்த நம்பிக்கையால் விளையும் கேடு வேறு: கனரக வண்டிகளுக்காக மண் கொட்டி உயர்த்திய பாதை எந்தப் பள்ளத்தின் நீர்வழியை மறித்தது, முழுக் காட்டையும் (மானாவாரி நிலத்தையும்) வாங்கிப் போட்டுவிட்டு உழாமல் விட்ட இடத்தில் சீமைக்கருவேலம் எப்படிப் படர்ந்தது என்ற நியாயமான கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன.

இவற்றைவிடப் பெரிய தவறு நிலத்தை வகைப்படுத்துவதில் நிகழ்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. அவை புறம்போக்கு அல்ல, பட்டா நிலங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம் என்பது அவற்றின் அமைப்பு. புல் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனியாகிறது. காங்கேயம் மாட்டினத்தின் உடல் உரத்துக்கு இந்த மேய்ச்சலே அடிப்படை என்று வளர்ப்போர் சொல்வார்கள். ஆனால் விதைப்பு நடக்காத நிலம் வருவாய்க் கணக்கில் எளிதாகத் தரிசு என்று பதிவாகிவிடுகிறது. விளைநிலத்தைத் தொடாமல் தரிசில் சூரியத் தகடு பதிக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு வகுக்கப்படும் கொள்கை, இப்படிப்பட்ட இடத்தில் நேராகக் கொறங்காட்டின் மேல் வந்து விழுகிறது. உழவர்களுக்கான சூரிய மின்சக்திக்கென மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, துணைமின் நிலையத்துக்கு அருகில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சூரிய மின்நிலையங்களுக்கு வழி செய்கிறது; அதன் விதிகளில் தரிசுக்கு அடுத்தபடியாகவே மேய்ச்சல் நிலமும் இடம்பெறுகிறது.

நிலத்துக்காரர் குத்தகைக்கு விடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்த ஆண்டில் நிச்சயமான வாடகையை யார் வேண்டாம் என்பார்? கணக்கில் வராதவர், அந்தக் காட்டை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்ப்பவர். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இல்லை, இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வலை அடித்தால் அதில் ஒண்டியிருந்த பறவைகளும் சிற்றுயிர்களும் போய்விடும். உயிர்வேலியை அப்படியே விட்டுவைப்பது, தகடுகளை உயர்த்தி நிறுவி அடியில் செம்மறி மேய இடம் கொடுப்பது, ஒப்பந்தம் முடியும்போது அடித்தளக் கான்கிரீட்டை அகற்றும் பொறுப்பு யாருடையது என்று எழுதிக்கொள்வது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். சூரிய சக்தி பம்புசெட் போட்டால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொதுப்படையாகச் சொல்வது டீசல் எஞ்சின் ஓடும் மாநிலங்களுக்குப் பொருந்தலாம். மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970-களில் உழவர்கள் போராடிய இந்த வட்டாரத்தில், 1990 முதல் வேளாண் மின்சாரமே இலவசம். ஆகவே தகடு இங்கே மிச்சப்படுத்துவது உழவரின் பணத்தையன்று, மின்வாரியத்தின் செலவை. இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கிணறுகளும் புதிதாக இறைக்கத் தொடங்கும் என்பது இதன் மறுபக்கம். பாறைப்பாங்கான இந்நிலத்தில் நீர் தேங்குவது மேல்மட்டச் சிதைவுப் பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே. ஆயிரம் அடிக்குத் துளையிட்டும் புகை மட்டும் வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆண்டுக்கு ஊறும் நீரில் 100 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கப்படும் பகுதியை அதிநுகர்வுப் பகுதி என்று வகைப்படுத்துகிறார்கள். தம் குறுவட்டம் எந்த வகையில் உள்ளது என்று பார்க்காமல் பம்புசெட்டுக்கு விண்ணப்பிப்பதும், சிறு, குறு உழவர்க்கு முழு மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீரை அதனோடு சேர்க்காமல் விடுவதும் தவிர்க்க வேண்டியவை.

2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் மேட்டுக்கு ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்பி, நிலத்தடி நீரைச் செறிவூட்டுவது அதன் நோக்கம். மின்சாரம் செலவழித்து மண்ணுக்குள் இறக்கிய நீரைத் தகட்டு மின்சாரத்தால் கணக்கின்றி மீண்டும் வெளியே எடுத்தால், இரு துறைகள் ஒன்றை ஒன்று எதிர்த்து வேலை செய்கின்றன என்றுதான் பொருள். குளம் நிரம்பிய ஊரில் எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது அவசியம்.

மின்கோபுரங்களைப் பொறுத்தவரை, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மின்வழித்தடத்துக்கு எதிராக 2018-இல் நடந்த போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் தடத்தின் ஒரு பகுதி கேரளத்தில் நிலத்தடிக் கேபிளாகச் சென்றதால், இங்கே மட்டும் ஏன் கோபுரம் என்று உழவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு கோபுரம் எழுப்பும்போது நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும், பயன்பாடு மட்டும் குறையும். கோபுர அடிக்கு மட்டும் இழப்பீடு கேட்டு, கம்பிக்குக் கீழுள்ள தடத்தை விட்டுவிடுவது பெருந்தவறு. மத்திய மின்துறை 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல், அடிப்பகுதிக்கு நில மதிப்பில் 200 விழுக்காடும் தடத்துக்கு 30 விழுக்காடும் பரிந்துரைக்கிறது. தென்னை போன்ற உயர்ந்து வளரும் மரங்களை அத்தடத்தில் இனி வைக்க முடியாது என்பதால் இந்த இரண்டாவது தொகை தோப்புக்காரர்க்கு முக்கியமானது.

காட்டோரத் தோட்டங்களில் வேலி தனிக்கதை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. மின்கலத்தில் இயங்கும் சூரிய வேலி, நொடிக்கு ஒருமுறை அளவில் மிகச் சிறு துடிப்பாக அதிர்ச்சி தந்து விலங்கைத் திருப்பி அனுப்பும்; பம்புசெட் லைனிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு இழுத்தாலோ அது யானையையும் கொல்லும், விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போகும் ஆளையும் கொல்லும். காப்புக்காடுகளை ஒட்டிய ஊர்களில் சூரிய வேலிக்கும் வனத்துறை அனுமதி தேவைப்படும் என்பதால், மானியத்துக்கு எழுதும்போதே அந்த விண்ணப்பத்தையும் உடன் கொடுத்துவிடுவது நல்லது.